பொட்டு வைத்த பீப்பாய்

அத்தியாயம் ஒன்பது

"தொடாதை," என்றாள் அஜந்தா.

"தொட்டா என்ன ஆகும்?"

"உனக்கு ஒண்டும் ஆகாது. பீப்பாய்க்குத்தான் ஆகும். உன்ரை கை முழுக்கச் சமோசா எண்ணெய்."

ஹரிபிரசாத் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். பெரம்பூரிலிருந்து இயற்பியல் மேற்படிப்புக்காக மொன்றியல் வந்து, படிப்பையும் முடித்து, அந்தப் படிப்பு யாருக்கும் வேண்டாம் என்று தெரிந்துகொண்ட பிறகு துப்பறியும் அஜந்தாவிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன் அவன். அணுவைப் பற்றிப் படித்தவர்கள் இந்த நகரத்தில் ஏராளம். படித்துவிட்டு அஜந்தாவுக்குக் கார் ஓட்டுகிறவன் அவன் ஒருவன்தான்.

அஜந்தா யாழ்ப்பாணத்துக்காரி. காப்புறுதிக் கம்பெனியில் வெகுகாலம் பொய்க் கால்வலிகளையும் பொய்த் தீ விபத்துகளையும் பிடித்துப் பிடித்து, யாரையும் நம்பாத ஒரு முகம் அவளுக்கு நிரந்தரமாக வந்துவிட்டது.

அவர்கள் நின்றுகொண்டிருந்தது செயின்ட்-மிஷேலில், ஒரு பின்சந்தில், கதவு இற்றுப்போன ஒரு பழைய கராஜுக்குள். 'நீங்கள் தேடுவது இங்கே இருக்கிறது' என்று காலையில் முன்பின் தெரியாத எண்ணிலிருந்து அஜந்தாவுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. வந்து பார்த்தால், கிழிந்த மெத்தைக்குப் பின்னால் முழங்கால் உயரத்தில் ஒரு நீலப் பீப்பாய். அதில் மஞ்சள் வில்லை, வில்லையில் கறுப்பாக அந்த மூன்று இறகுக் கதிர்வீச்சுச் சின்னம்.

விஷயம் இதுதான். லாசாலில் கிருபானந்தன் என்பவருக்கு ஒரு கிடங்கு இருக்கிறது. இரவில் மினுங்குவதற்காக ரேடியம் பூசிய பழைய விமான மானி முகப்புகள், காலாவதியான புகை எச்சரிக்கைக் கருவிகள் இப்படி மெல்லிய கதிர்வீச்சுள்ள குப்பையை அங்கே கொஞ்சகாலம் பூட்டி வைத்திருந்து, பிறகு நிரந்தரமாகப் புதைக்கிற இடத்துக்கு அனுப்ப வேண்டும். எவ்வளவு வைத்திருக்கலாம், எத்தனை பூட்டுப் போட வேண்டும் என்பதெல்லாம் அணு ஒழுங்குமுறை ஆணையம் கொடுத்த உரிமத்தில் உண்டு. சட்டத்தில் இந்தக் குப்பைக்குத் 'தாழ்நிலைக் கழிவு' என்று பெயர். பெயரைக் கேட்டால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் ரேடியம் ஆயிரம் வருடம் போனாலும் அடங்காத சாமான்.

அக்டோபர் கடைசியில் ஆணையத்து ஆட்கள் வந்து எண்ணியபோது நான்கு பீப்பாய் குறைந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற முத்துசாமி ஆகஸ்டிலேயே திருடிவிட்டான், அப்போதே சந்தேகம் வந்துதான் செப்டம்பரில் பூட்டையே மாற்றினேன், அன்றிலிருந்து சாவி என் இடுப்பில்தான் என்றார் கிருபானந்தன். முத்துசாமியைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். அவன் வாயே திறக்கவில்லை. வருகிற திங்கட்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் சிறை, சிறை முடிந்ததும் ஈரோட்டுக்கு விமானம். அவனை எப்படியாவது மீட்டுத் தரச் சொல்லி வந்தவள் அவன் மனைவி அருக்காணி.

ஹரி குந்தி உட்கார்ந்து டார்ச் அடித்தான். பிறகு விசில் அடித்தான்.

"அக்கா, கதிரியக்கத்துக்கே பொட்டு வச்சிருக்காங்க."

பீப்பாயின் நெற்றியில் காய்ந்த சந்தனம். அதன் நடுவில் ஒரு விரல் குங்குமம்.

"ஆயுத பூஜை எப்போ வந்தது?" என்றான்.

"ஒக்டோபர் முதலாந்திகதி."

"பூட்டு மாத்தினது செப்டம்பர்ல. இது பூஜைல பொட்டு வாங்கியிருக்குன்னா அக்டோபர்ல கிடங்குக்குள்ள இருந்திருக்கு. உள்ள இருந்தா, சாவி யார் இடுப்புல?"

"போன வருசத்துப் பொட்டா இருக்கலாம்."

"வில்லைல தேதியைப் பாருங்க. இது கிடங்குக்கு வந்ததே இந்த மார்ச்லதான். போன வருஷ ஆயுத பூஜைக்கு இது பொறக்கவே இல்ல."

அஜந்தா அவனைப் பார்த்தாள். அவளிடமிருந்து கிடைக்கக்கூடிய பாராட்டு அவ்வளவுதான். ஹரி அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

வெளியே காரில் அருக்காணி மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தானும் வந்தே தீருவேன் என்று பிடிவாதமாக வந்தவள், கராஜ் வாசலுக்குக்கூட இறங்கவில்லை. ஹரி விஷயத்தைச் சொன்னதும் அவள் கண்கள் நிரம்பிவிட்டன.

"ஆமாங்க. வருசா வருசம் அங்க பூசை போடுவாங்க. வண்டி, தராசு, அந்தப் பீப்பா அல்லாத்துக்கும் பொட்டு வெப்பாங்க. அப்ப எங்க வூட்டுக்காரரு வந்துருவாருங்களா?"

"வந்துருவாருங்க. அந்தப் பொட்டே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துரும்," என்றான் ஹரி.

குழந்தை ரக்ஷனா கண்ணாடியில் மூக்கை அழுத்திச் சந்தின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தது. "அம்மா, பாலா ஆன்ட்டி வீட்டுக்குப் போலாமா? அங்கதான இருக்கு."

"யாரு பாலா ஆன்ட்டி?" என்று கேட்டான் ஹரி.

"முந்தி இவ போயிட்டிருந்த கார்டெரிங்க, கொழந்தைங்கள வெச்சுப் பாத்துக்கற எடம். இப்ப எடம் போயிருச்சுங்க."

"கார்டெரி இடமா? ஐயோ. என் ஃப்ரெண்டு ஒருத்தன் பொண்ணு பார்க்கப் போறதுக்கு முன்னாடியே கார்டெரிக்குப் பேர் பதிஞ்சு வச்சான். கல்யாணம் நின்னு போச்சு, இடம் மட்டும் கிடைச்சுது."

அருக்காணி சிரிக்கவில்லை. இறங்கத் துடித்த குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அஜந்தா முன்கண்ணாடி வழியாக இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

ஆணையத்து ஆட்கள் வெள்ளை உடையில் வந்து பீப்பாயை எடுத்துப் போனார்கள். அருக்காணியை வீட்டில் இறக்கிவிட்டு, அஜந்தாவும் ஹரியும் லாசாலுக்குப் போனார்கள்.

கிருபானந்தனைப் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். நரைத்த தலை, நெற்றியில் திருநீறு, லொங்குய்யில் பங்களா, கோயில் கமிட்டியில் முன்வரிசை. ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு வேலை கொடுக்கிறவர் என்று பெயர். எப்படிப்பட்ட வேலை என்று யாரும் கேட்பதில்லை.

"வாங்கோ தங்கச்சி. தம்பி, தேத்தண்ணி குடிக்கிறீரோ?"

"குடிச்சா மினுமினுக்குமா, சார்?"

"பகிடி விடுறார்," என்று அஜந்தாவைப் பார்த்துச் சிரித்தார்.

அஜந்தா நேராக விஷயத்துக்கு வந்தாள். கராஜ், பீப்பாய், பொட்டு, ஆயுத பூசை, பூட்டு. அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அந்த முகத்தில் வேர்வை அரும்பும் என்று ஹரி ஆசையோடு காத்திருந்தான். அரும்பவில்லை. கிருபானந்தன் தேநீர்க் கோப்பையை மெதுவாக வைத்துவிட்டு எழுந்தார்.

"கதைக்கிறதை விட்டுட்டு ஒருக்கா வந்து பாருங்கோவன்."

கிடங்கின் கடைசியில் கம்பிவலைக் கதவு. சட்டம் சொன்னபடி இரண்டு பூட்டு. போகிற வழியில் ஃபோர்க்லிஃப்டின் நெற்றியில் காய்ந்த பொட்டு இருந்தது. தராசில் இருந்தது. காப்பி மெஷினில்கூட இருந்தது. கதவைத் திறந்து விளக்கைப் போட்டார். நீலப் பீப்பாய்கள் வரிசை வரிசையாக நின்றன.

ஒன்றில்கூடப் பொட்டு இல்லை.

ஹரி ஒவ்வொரு வரிசையாக நடந்து பார்த்தான். குனிந்து பார்த்தான். பின்பக்கமும் பார்த்தான்.

"பீப்பாய்களுக்குப் பொட்டு வைக்கிறது முத்துசாமியின்ரை பழக்கம்," என்றார் கிருபானந்தன். "வேறை ஒருத்தரும் உந்தக் கம்பிக்கு இஞ்சாலை வரமாட்டினம். பயம். இந்த வருசம் யூன் மாசம் அவன்ரை தேப்பன் செத்துப்போச்சு. துடக்குக்காரன் பூசையிலை நிக்கலாமோ? வாசலுக்கு வெளியிலை நிண்டு பாத்தவன். அதாலை இந்த வருசம் உதுகளுக்குப் பொட்டு இல்லை."

"தேப்பன்ரை செத்தவீட்டுக்குப் போனவரோ?" என்று கேட்டாள் அஜந்தா.

"கேட்டவன். ஆணையத்துச் சோதனை வருகுது, லீவு தர ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்." குரலில் ஒரு சின்ன நெளிவுகூட இல்லை. "உந்தப் பொட்டை ஆரோ பிறகு வச்சிருக்கினம், தங்கச்சி. உங்கடை ஆக்களையே கேட்டுப் பாருங்கோ."

தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொல்லி வாசல் வரை வந்தார். ஹரி அந்த மனிதனை அப்போதே வெறுத்தான். அவர் சொன்னது உண்மையாக இருந்ததால் இன்னும் அதிகமாக வெறுத்தான்.

காரில் ஹீட்டர் இரைந்தது. கண்ணாடியில் நவம்பர் மழை பனியாக மாறுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"சாவு நடந்த வீட்டுல ஒரு வருஷம் பண்டிகை கிடையாது. எனக்கே தெரியும்," என்றான் ஹரி. "மூளைன்னு ஒண்ணு இருந்திருந்தா நானே கேட்டிருப்பேன்."

"இல்லாததைப் பற்றிக் கதைச்சு என்ன? காரை எடு."

கொஞ்ச தூரம் போனதும் அஜந்தாவே தொடங்கினாள்.

"பொட்டு வச்ச ஆளுக்கு என்னென்ன தெரியும், சொல்லு."

"பீப்பாய் எங்க கிடக்குதுன்னு தெரியும். வருஷா வருஷம் அங்க பூஜை உண்டுன்னு தெரியும். பூட்டு மாத்தினது தெரியும்."

"என்ன தெரியாது?"

"இந்த வருஷப் பூஜைல பீப்பாய்க்குப் பொட்டு வைக்கலைன்னு தெரியாது." ஹரி நிறுத்தினான். "பூஜைக்குப் போகாத ஆளு. துடக்கு வீட்டு ஆளு."

"அருக்காணி," என்றாள் அஜந்தா.

"அப்ப காலைல செய்தி அனுப்பினதும்…"

"அவதான். பீப்பாயைக் கடத்தினது முத்துசாமிதான், அது அவவுக்குத் தெரியும். எப்பிடியெண்டாலும் பழியை முதலாளியின்ரை தலையிலை போட்டுப் புருசனை எடுக்கப் பாத்திருக்கிறா. அதுக்கு உன்ரை கெட்டித்தனத்தைத்தான் பாவிச்சவ. ஆனா ஒண்டு யோசி. நாலு பீப்பாய். ஏன் ஒண்டை மட்டும் எங்களுக்குக் காட்டினவ?"

"மத்த மூணும் தெரியாதோ என்னவோ."

"ஒண்டு தெரிஞ்சவளுக்கு மற்றது தெரியாதோ? மற்ற மூண்டும் காட்டக் கூடாத இடத்திலை கிடக்கு." கொஞ்ச நேரம் விரலால் கதவில் தட்டினாள். "மொன்றியலிலை ஒருத்தி கார்டெரி இடத்தை எப்ப இழப்பாள்?"

"செத்தா."

"பகிடி இல்லை. அந்தப் பிள்ளை ஏன் வீட்டிலை நிக்குது?"

பாலா ஆன்ட்டியின் எண் கிடைக்கக் கஷ்டமே இல்லை. செயின்ட்-மிஷேலில் வீட்டோடு கார்டெரி நடத்துகிற பாலாம்பிகையைத் தெரியாத தமிழ்த் தாய் கிடையாது. அஜந்தா போனை ஒலிபெருக்கியில் போட்டு, தெரிந்த ஒரு பிள்ளைக்கு இடம் கேட்பதுபோல் பேச்சைத் தொடங்கினாள்.

"ரக்ஷனாவோ? நான் நிப்பாட்டேல்லைப் பிள்ளை. தாய்தான் ஆகஸ்டிலை திடீரெண்டு வந்து நிப்பாட்டினவ. காரணம் கேட்டன், சொல்லேல்லை. அழுதுகொண்டு போனவ."

"உங்கடை வீடு சொந்தமோ, அக்கா?"

"இல்லை, வாடகை. வீட்டுக்காரர் கிருபானந்தன் அண்ணை தங்கமான மனுசன். நான் கேக்காமலே ஆகஸ்டிலை கீழ்த்தளத்துக்குப் புதுச் சீமெந்து போட்டுத் தந்தவர். தண்ணி ஊறுதாம். முத்துசாமித் தம்பிதான் வந்து போட்டது. ஏன் கேக்கிறியள்?"

ஹரி காரைத் திருப்பினான்.

பாலாம்பிகையின் கீழ்த்தளம் வெதுவெதுப்பாக இருந்தது. சுவரில் பிள்ளைகள் வெட்டி ஒட்டிய காகிதப் பனிப்பூக்கள். பாய்களில் பிள்ளைகள் மதியத் தூக்கத்தில் கிடந்தார்கள். ஹரி கதிர்வீச்சு அளக்கிற கைமானியை எடுத்தான். படியருகே அது ஏதோ முணுமுணுத்தது. கம்பளத்தின் நடுவுக்கு வந்ததும் முணுமுணுப்பு கூடியது. மூலையில் இருந்த தொட்டிலருகே போனபோது, சட்டியில் கடுகு வெடிப்பதுபோல் விடாமல் தெறிக்கத் தொடங்கியது. ஹரி கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கினான். மற்ற தரையெல்லாம் பழைய கறுப்பு. அந்த மூலை மட்டும் வெளிறிய புதுச் சீமெந்து.

"அது என்ன சத்தம்?" என்றாள் பாலாம்பிகை. ஐம்பது தாண்டிய மனுஷி, கையில் பால்புட்டி. "தொட்டிலை அங்காலை தள்ளாதையுங்கோ. அந்த மூலையாலைதான் ஹீற்றர் குழாய் போகுது. குளிராது."

ஹரி சொல்ல வேண்டியதை மெல்லிய குரலில் சொன்னான். ஒரு நாள் இருந்தால் பயமில்லை, தாழ்நிலைதான் என்றான். ஆகஸ்டிலிருந்து எத்தனை நாள் என்பதை விட்டுவிட்டான். பாலாம்பிகை கேட்டு முடித்துவிட்டுப் புட்டியை வைத்தாள். முதலில் தொட்டிலில் இருந்த குழந்தையைத் தூக்கினாள். பிறகு ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பி மேலே அனுப்பத் தொடங்கினாள்.

அஜந்தா மேலே போய்ப் போன் எடுத்தாள். முதலில் ஆணையத்துக்குப் பேசினாள். அடுத்து அருக்காணிக்கு.

"நல்ல செய்தி இருக்கு. பாலாம்பிகை அக்கா வீட்டை ஒருக்கா வாங்கோ. பக்கத்திலைதானே. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"குழந்தை எதுக்குக்கா?" என்றான் ஹரி.

அஜந்தா வாசல் பக்கம் நடந்தாள்.

கூடத்தில் பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது அழைப்புமணி அடித்தது. அஜந்தா கதவை விரியத் திறந்தாள். படிக்கட்டின் கீழே, ஈரப்பனியில், அருக்காணி மகளின் கையைப் பிடித்தபடி நின்றாள்.

"உள்ளை வாங்கோ."

"இங்கயே நிக்கிறேனுங்க. என்னங்க நல்ல செய்தி?"

"குளிருதெல்லோ. பிள்ளை நடுங்குது. வாங்கோ."

"பரவால்லீங்க."

அஜந்தா குனிந்தாள். அவள் முகத்தில் இப்படியொரு சிரிப்பை ஹரி இதுவரை பார்த்ததில்லை. "குஞ்சு, உங்கடை கூட்டாளியள் எல்லாரும் இஞ்சை நிக்கினம். ஓடி வாங்கோ."

ரக்ஷனா கையை உதறிக்கொண்டு படியேறி ஓடியது. வாசற்படியில் ஒரு கால் வைத்ததுதான் தாமதம். அருக்காணி பாய்ந்து வந்து அதன் கோட்டைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். குழந்தை படியில் விழுந்தது. விழுந்த குழந்தையின் முதுகில் ஓங்கி ஒரு அறை.

"உள்ள போகாதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கறேன்?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. கூடத்தில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தன. பாலாம்பிகையும் பார்த்தாள்.

ஹரி இறங்கிப் போய்க் குழந்தையைத் தூக்கினான். கூடத்தில் மானி சத்தமே போடவில்லை என்பதும், வாசலில் வைத்த அந்த ஒரு காலடியால் குழந்தைக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்பதும் அவனுக்குத் தெரியும். அஜந்தாவுக்கும் தெரியும். தாய்க்குத் தெரியாது என்பதை வைத்துத்தான் அஜந்தா அந்தக் குழந்தையைக் கூப்பிட்டாள். இதற்காக அவளை மன்னிக்கலாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"மொதலாளிதானுங்க," என்றாள் அருக்காணி. அழுகையில் வார்த்தைகள் முட்டி மோதி வந்தன. "கெடங்குல அளவுக்கு மேல சேந்து போச்சுங்க. சோதனைக்கு முந்தி எடுத்தாகணும், செய்யலீன்னா உன்ற வேல பர்மிட்டு போயிரும்னு இவருகிட்டச் சொன்னாருங்க. மூணு இங்க, மிச்சம் ஒண்ணு அந்தக் கராஜில. எம்பட வூட்டுக்காரரு ராத்திரியெல்லாம் தூங்கலீங்க. வாயத் தெறந்தா, கொழந்தைங்க காலடியில பொதச்சவன்னு ஊரே காறித் துப்பும்னு மெரட்டி வெச்சிருக்காருங்க."

"பொதைச்சவர்தானே," என்றாள் அஜந்தா.

"அக்கா, போதும்," என்றான் ஹரி.

"காணாது. வீடு கிருபானந்தன்ரை, சீமெந்து கிருபானந்தன்ரை. இனி அவரும் தப்ப ஏலாது. ஆனா உம்மடை மனுசனும் வெளியிலை வரமாட்டார். வாயைத் திறந்திருந்தால் அண்டைக்கே வந்திருப்பார்."

அருக்காணி அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. அவள் கண் ஹரியின் தோளில் இருந்த மகள் மேலேயே இருந்தது.

"ஏனுங்க, நீங்க படிச்சவரு. எம் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்கல்ல? சிமிட்டி போட்டப்பறம் இது அங்க போனது ரெண்டே நாளுங்க. அவரு எங்கிட்டச் சொன்ன அன்னிக்கே நிறுத்திட்டேனுங்க."

இரண்டு நாளில் ஒன்றும் ஆகாது என்று ஹரிக்குத் தெரியும். ஆனால் அவன் கூடத்துப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தான்.

பாலாம்பிகை கடைசிப் பிள்ளையின் பூட்ஸை மாட்டி முடித்துவிட்டு, தொட்டிலில் இருந்து எடுத்த கைக்குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். அது நல்ல தூக்கத்தில் இருந்தது. வாயோரம் பால் காய்ந்திருந்தது. அருக்காணிக்குத் தெரியும்படி அதன் முகத்தைத் திருப்பிப் பிடித்தாள்.

"நீர் ரக்ஷனாவை நிப்பாட்டின அடுத்த நாளே இந்தப் பிள்ளை வந்தது. அப்ப அஞ்சு மாசம். அண்டையிலை இருந்து அந்த மூலையிலைதான் படுக்குது." அவள் குரல் சாதாரணமாகவே இருந்தது. "தாய் வேலைக்குப் போகாட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லை. இடம் கிடைச்சிட்டுது எண்டு சொன்னவுடனை காலிலை விழப் பாத்தவ. ஆர் விட்டுக் குடுத்த இடமோ, அந்தத் தாய் நல்லா இருக்கோணும் எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லிப்போட்டுத்தான் பிள்ளையை விட்டுட்டுப் போறவ."